உள்ளே போன சிடி: ஒரு கார் பழுதின் வரலாறு

கார் ஸ்டீரியோவுக்குள் போன சிடி திரும்பி வராமல் மாட்டிக்கொள்வது குறுகிய ஆயுள் கொண்ட ஒரு பழுது. தமிழ்நாட்டில் அது 1990களின் கடைசியில் பரவலாகத் தலைகாட்டி, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அரிதாகிப்போனது. அந்த இடைவெளியில், சென்னையின் கார் ஆக்சசரீஸ் கடைகளிலும், செங்குன்றம், சோழவரம், காரனோடை, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என்று கொல்கத்தா நெடுஞ்சாலை தொட்டுச் செல்லும் ஊர்களைப் போன்ற இடங்களில் இருந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியன் கடைகளிலும், சிக்கிய தட்டை எடுப்பது அன்றாட வேலைகளில் ஒன்றாக இருந்தது.

காருக்குள் பாட்டு முதலில் வந்தது ரேடியோவாக. அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் 'மோட்டோரோலா' கார் ரேடியோவை விற்கத் தொடங்கியது 1930-ல். ரேடியோவுக்குள் எதையும் நுழைக்க வேண்டியதில்லை. ஆகவே சிக்குவதற்கும் எதுவும் இல்லை. அந்தத் தொல்லை கேசட்டோடு தொடங்கியது. பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் அறிமுகப்படுத்திய கேசட், 1980களில் இந்தியாவில் மலிவாகி அம்பாசடர், பியட், வாடகைக் கார், லாரி என்று எல்லாவற்றிலும் ஏறியது. வெயிலில் தளர்ந்த நாடா ரப்பர் ரோலரைச் சுற்றிக்கொள்ளும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்து பாதி உள்ளே தங்கிவிடும். தெரிந்த மெக்கானிக் இழுக்க மாட்டார். செட்டின் மேல்மூடியைக் கழற்றி, ரோலரை விரலால் எதிர்ப்பக்கம் சுழற்றிச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தெடுப்பார். பிறகு பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ரோலரைத் துடைப்பார். சிடி காலத்தில் கைகொடுத்தது இந்தப் பழக்கம்தான்.

சிடி பிளேயர் 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அடுத்த இரண்டாண்டில், 1984-ல், பயனியர் நிறுவனம் காருக்கான முதல் சிடி பிளேயரை வெளியிட்டது. வீட்டு பிளேயரில் தட்டு வைக்க ஒரு தட்டம் வெளியே நீளும். காரில் அதற்கு வழியில்லை. டேஷ்போர்டில் ஸ்டீரியோவுக்கென்று ஜெர்மானியத் தர நிர்ணயம் வகுத்த திறப்பு 18 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம் மட்டுமே. 12 செ.மீ. குறுக்களவுள்ள தட்டு அந்த ஒடுங்கிய பெட்டிக்குள் போய்வர, ஒரு கீறல் போன்ற வாயும் உள்ளிழுக்கும் ரோலருமே ஏற்ற வழியாக அமைந்தன. ஆறு அல்லது பத்து தட்டுகளை ஒரு பெட்டியில் அடுக்கி டிக்கியில் வைக்கும் சேஞ்சர்களும் வந்தன; விலை அதிகம் என்பதால் இங்கே அவை பெரிய கார்களோடு நின்றுவிட்டன.

தமிழ்நாட்டில் சிடி பரவிய காலமும் கார் ஆலைகள் பெருகிய காலமும் ஒன்றே. திருவள்ளூரை அடுத்த ஆலையிலிருந்து இந்துஸ்தான் மோட்டார்ஸின் மிட்சுபிஷி லான்சர் 1998-ல் வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோ அதே ஆண்டிலும், மறைமலைநகரில் ஃபோர்டு ஐகான் 1999-லும் வந்தன. கார் வாங்கியவர்களில் பலர் செட்டைத் தனியாக வெளியே வாங்கி மாட்டிக்கொண்டார்கள். ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, ரிச்சி தெரு, பர்மா பஜார் ஆகியவை அந்த வியாபாரத்தின் மையங்கள். பழைய காரிலிருந்து கழற்றிய செட் தேடுபவர்களுக்குப் புதுப்பேட்டை இருந்தது.

சிடி ஏன் சிக்குகிறது என்பதை அறிய, அது உள்ளே போகும் முறையை அறிய வேண்டும். வாயில் வைத்த தட்டைச் சென்சார் உணர்ந்ததும் சிறு மோட்டார் ஓடி, ரப்பர் ரோலர் தட்டை இழுக்கும். தட்டின் விளிம்பு உள்ளே இருக்கும் கைகளைத் தள்ளும், கிளாம்ப் இறங்கி நடுத்துளையை இறுக்கும், ரோலர் விலகும். கடைசியில், சாலைக் குலுக்கல் லென்ஸைத் தாக்காமலிருக்க, மெக்கானிசம் முழுவதும் பூட்டிலிருந்து விடுபட்டு ஸ்பிரிங்குகளின் மேல் மிதக்கும். எஜெக்ட் பட்டனை அழுத்தினால் இவ்வளவும் தலைகீழ் வரிசையில் நடந்தாக வேண்டும். ஒரு படி முழுமையடையாவிட்டாலும் தட்டு உள்ளேயே தங்கிவிடும். பாட்டு மட்டும் குறையில்லாமல் ஓடுவதும் உண்டு. அதனால் பழுது இருப்பதே பட்டனை அழுத்தும் நாளில்தான் தெரியும்.

இந்தப் பொறி 1.2 மி.மீ. தடிமனுள்ள, ஆலையில் அச்சான தட்டுக்காக வடிவமைக்கப்பட்டது. நம் ஊர்க் கார்களில் அதற்குள் போனவற்றில் கணிசமானவை கடையில் பதிவு செய்த சிடிகள். 700 எம்.பி. கொள்ளும் ஒரு வெற்றுத் தட்டில் எம்பி3 வடிவில் நூற்றைம்பது பாட்டுகள் வரை அடங்கும். படம் அச்சிட்ட காகித ஸ்டிக்கரை மேலே ஒட்டினால் தடிமன் கூடும். வெயிலில் கதவடைத்து நிற்கும் காருக்குள் வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். டேஷ்போர்டு அதைவிடக் கொதிக்கும். தட்டின் பாலிகார்பனேட் அந்தச் சூட்டைப் பெரும்பாலும் தாங்கும். ஸ்டிக்கரின் பசை தாங்காது. பசை இளகிக் காகித ஓரம் எழும்பினால் ரோலரிலோ கிளாம்பிலோ ஒட்டிக்கொள்ளும். போதாக்குறைக்கு, புழுதி படிந்து வழவழத்துப்போன ரோலருக்குத் தட்டைப் பிடித்துத் தள்ளும் பிடிமானம் குறையும். ஒரு சிடி உள்ளே இருப்பதை மறந்து இன்னொன்றைத் தள்ளுவதும், குழந்தைகள் நாணயம் போடுவதும், 8 செ.மீ. சிறு தட்டை அதற்கு இடமில்லாத செட்டில் போடுவதும் மற்ற காரணங்கள். புது செட்டின் மெக்கானிசத்தை அசையாமல் பிடிக்க மேலே முடுக்கியிருக்கும் போக்குவரத்து ஸ்குரூக்களைக் கழற்றாமல் மாட்டிவிடுவதும் கோளாறுகளைத் தந்தது.

லாரிகளில் மின்சாரச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. கார் செட் 12 வோல்ட்டில் ஓடுவது. 24 வோல்ட் லாரியில் அதை மாட்ட வோல்ட் குறைக்கும் கருவி வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்க, இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுப்பார்கள். அந்தப் பேட்டரி மற்றதைவிட முன்னதாக இறங்கும். வோல்ட் தாழ்ந்தால் டிஸ்பிளே எரிந்துகொண்டே இருக்கும். தட்டைத் தள்ளும் மோட்டாருக்கு மட்டும் வலு இருக்காது.

வண்டி வைத்திருப்பவர் தானே செய்து பார்த்தவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் சாவியைத் திருப்பி வைத்து, எஜெக்ட் பட்டனைச் சில விநாடிகள் விடாமல் அழுத்துவது. பல செட்டுகளில் இது கட்டாய வெளியேற்றத்துக்கான கட்டளை. அடுத்து, முன்முகத்தைக் கழற்றினால் தெரியும் சிறு துளையில் பால்பாயின்ட் முனையால் ரீசெட் செய்வது. அதற்கும் மசியாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்கி, அல்லது பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சற்று நேரம் கழித்து மாட்டுவது. ரகசியக் குறியீடு கேட்கும் செட்டுகளில் இது வினையாகும்; குறியீடு தெரியாவிட்டால் செட் வாய் திறக்காது. இன்னொரு சிடியைப் பாதி நுழைத்து மேல்நோக்கி அழுத்தியபடி எஜெக்ட் செய்யும் உபாயம் சிலசமயம் பலித்தது. பலிக்காதபோது உள்ளே இரண்டு தட்டுகள் ஆயின. கத்தி, ஸ்குரூடிரைவர் விட்டு நெம்பியவர்கள் விளிம்புக் கைகளை வளைத்தோ, ஷார்ட் சர்க்யூட் ஆக்கியோ கடைக்கு வந்தார்கள்.

கடையில் வேலை வேறு மாதிரி நடக்கும். செட்டின் இருபுறமும் தகட்டுச் சாவிகளைச் சொருகிக் கூண்டிலிருந்து இழுத்து, வயரிங் கப்ளர்களைப் பிரித்து, மேல்மூடியின் ஸ்குரூக்களைக் கழற்றுவார்கள். மெக்கானிசத்தின் ஓரத்தில் தெரியும் பல்சக்கரத்தை விரல்நுனியால் மெல்லத் திருப்பினால் கிளாம்ப் எழும்பும், ரோலர் நெருங்கும், தட்டு தானாக வாய்க்கு வரும். கேசட் நாடாவைப் பிரித்த அதே பொறுமைதான் இங்கும். லென்ஸில் கை படக்கூடாது; அதை இணைக்கும் ரிப்பன் வயரை இழுக்கக்கூடாது. தட்டு வந்தபின் ஒட்டிய காகிதத் துணுக்குகளைப் பொறுக்கி, ரோலரை ஆல்கஹாலில் துடைத்து, மூடும் முன் பல முறை போட்டு எடுத்துப் பார்ப்பார்கள். பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்திருந்தால் அந்த உதிரிப்பாகம் தனியாகக் கிடைப்பது அரிது. அதே மாடல் பழைய செட்டிலிருந்துதான் கழற்ற வேண்டும்.

இந்தக் கைவேலையை முடிவுக்குக் கொண்டுவந்தது சிடி வாயின் மறைவு. 2000களின் பிற்பாதியில் செட்டின் முகத்தில் யுஎஸ்பி துளை வந்தது. சிடியும் பென்டிரைவும் சில ஆண்டுகள் ஒரே முகத்தில் குடியிருந்தன. செட் தயாரிப்பவர்களுக்கு மோட்டார், ரோலர், லென்ஸ் எல்லாம் கூடுதல் செலவு. அசையும் பாகமில்லாத செட் மலிவு. 2014, 2015-ல் கைப்பேசியைக் காரின் திரையோடு இணைக்கும் ஏற்பாடுகள் வந்தபின் சிடிக்குத் தேவையே குறைந்தது. லான்சர் தயாரான திருவள்ளூர் ஆலையில் 2020களில் சிட்ரோயன் கார்கள் உருவாகின்றன. அவற்றில் ஒன்றான சி3-ன் பல வகைகளில் டேஷ்போர்டில் இருப்பது தொடுதிரை. பழைய செட்டை இன்னும் கழற்றாமல் வைத்திருக்கும் வண்டிகளுக்கு மட்டும் எலெக்ட்ரீஷியன் கடைகளில் அந்தப் பழைய வேலை எப்போதாவது வருகிறது. பெரும்பாலும் தட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, செட்டையே மாற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள்.