ரூபாய்க்கு ஒரு தம்படி

வழக்கமாக உரம், பூச்சி, விதை நேர்த்தி என்று பேசுகிறவன் நான். இன்றைக்குக் கடனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பயிரைப் பூச்சி தின்றால் அடுத்த போகத்தில் ஈடு கட்டிவிடலாம். வட்டி தின்றால் நிலமே போய்விடும். அப்புறம் நான் வந்து எந்த ரகம் நல்ல ரகம் என்று சொல்லி என்ன பயன்?

சில மாதங்களுக்கு முன்பு மண் மாதிரி எடுக்க ஒரு மானாவாரிக் கிராமத்துக்குப் போயிருந்தேன். சர்வே நம்பர் வேண்டும் என்றதும் அந்த வீட்டுப் பெரியவர் பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கினார். பட்டா, கந்தாய ரசீது, பத்திரம் எல்லாவற்றுக்கும் அடியில் பழுப்பேறிய ஒரு புரோநோட்டு கிடந்தது. 1941ஆம் வருஷம் அவருடைய தகப்பனார் எழுதிக் கொடுத்து, கடனைத் தீர்த்துத் திரும்ப வாங்கி வைத்த நோட்டு. அசல் முந்நூறு ரூபாய். வட்டி, மாதம் ஒன்றுக்கு ரூபாய்க்குத் தம்படி ஒன்று.

"சார், தம்படி வட்டின்னா ரொம்பக் கொறைச்சல்தானே? அப்படியிருந்தும் இந்தக் கடனுக்காக எங்க கெணத்தடி நெலம் ஒரு ஏக்கரா போச்சே, அது எப்படி?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் நூற்றைம்பது வருஷம் பின்னால் போக வேண்டும்.

பத்திரத்தை எரித்த ஊர்

1859ஆம் ஆண்டு வெள்ளைக்கார அரசாங்கம் காலவரையறைச் சட்டம் ஒன்று கொண்டுவந்தது. கடன் பத்திரம் மூன்று வருஷத்துக்குத்தான் செல்லும் என்றது. குடியானவனுக்கு நல்லது என்றுதான் நினைத்தார்கள். நடந்தது வேறு. மூன்று வருஷம் முடியும்போது கடன் கொடுத்தவர் புதுப் பத்திரம் எழுதச் சொன்னார். பழைய அசலும் அதுவரை ஏறிய வட்டியும் சேர்ந்து புதுப் பத்திரத்தில் அசலாகிவிட்டது. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வட்டி குட்டி போட்டது. காப்பாற்ற வந்த சட்டமே வட்டிக்கு வட்டி போட வழி காட்டிவிட்டது பாருங்கள்.

இதற்கிடையே 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். அங்கிருந்து இங்கிலாந்துக்குப் பஞ்சு வருவது நின்றது. தக்காணத்துப் பருத்திக்கு ஒரே கிராக்கி. கடனும் தாராளமாகக் கிடைத்தது. போர் முடிந்ததும் விலை சரிந்தது, கடன் மட்டும் சரியவில்லை. 1875 மே 12ஆம் தேதி பூனா ஜில்லாவில் சூபா என்ற ஊரில், சந்தை நாளன்று, குடியானவர்கள் திரண்டு கடைகளுக்குள் புகுந்தார்கள். அவர்கள் முக்கியமாகத் தேடியது பணத்தையோ தானியத்தையோ அல்ல, பத்திரங்களை. எடுத்துக் கொளுத்தினார்கள். பூனா, அகமதுநகர் ஜில்லாக்களில் பல ஊருக்கு இது பரவியது.

அரசாங்கம் விசாரணைக் குழு போட்டது. 1879இல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் ஒரு புதுமை. அதற்கு முன்பு நீதிபதி பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடுவார். இனிமேல் பத்திரத்துக்குப் பின்னால் போய், முதன்முதலில் கைக்கு வந்தது எவ்வளவு, கட்டியது எவ்வளவு என்று ஆதியோடு அந்தமாக விசாரிக்க வேண்டும் என்றது சட்டம். பணம் கட்டினால் ரசீது கொடுக்க வேண்டும், கேட்டால் கணக்குக் கொடுக்க வேண்டும் என்றது. கடனுக்காகக் குடியானவனைச் சிறையில் போடுவதையும் நிறுத்தியது.

திரூரில் ஒரு சங்கம்

நம் சென்னை மாகாணத்துக்கு வருவோம். கடன் கொடுக்கிறவரைக் கட்டுப்படுத்தினால் மட்டும் போதாது, குடியானவனுக்கு மாற்று வழி வேண்டும் என்று இங்கே யோசித்தார்கள். 1892இல் பிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியிடம் அந்த ஆராய்ச்சி ஒப்படைக்கப்பட்டது. அவருடைய அறிக்கை 1895இலும் 1897இலும் இரண்டு பாகங்களாக வந்தது. ஜெர்மனியில் ரெய்பைசன் என்ற மேயர் கிராமத்துக் குடியானவர்களைச் சேர்த்துக் கடன் சங்கம் நடத்தி வெற்றி கண்டிருந்தார். அப்படிப்பட்ட ஆள் நமக்கும் வேண்டும் என்பதே நிக்கல்சன் சொன்ன முடிவின் சாரம்.

1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே வருஷம் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் விவசாயக் கடன் சங்கம் பதிவாயிற்று. நாட்டிலேயே முதல் சங்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். டி.கே.எம். நெல் ரகங்கள் வருகின்றனவே, அதே திரூர்தான். 1929இல் சென்னை மத்திய நிலவள வங்கி ஏற்பட்டது. ஆனாலும் கிராமத்துக் கடனில் பெரும்பகுதி வெளிவட்டிக்காரரிடமே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் உலகம் முழுவதும் விலை வீழ்ச்சி. நெல் விலை ஏறக்குறையப் பாதியாக விழுந்தது. மாகாணத்துக் கிராமக் கடன் 150 கோடி ரூபாய் என்று 1930இல் வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது. 1935இல் எடுத்த கணக்கு 200 கோடி என்றது. பாருங்கள், முன்பு பத்து மூட்டை விற்றுக் கட்டிய கடனுக்கு இப்போது இருபது மூட்டை வேண்டும். அதற்கு மேல் கடனும் கூடிக்கொண்டே போகிறது.

ராஜாஜி கொண்டுவந்த சட்டம்

1937இல் ராஜாஜி தலைமையில் மந்திரிசபை அமைந்தது. மறு வருஷமே சென்னை விவசாயிகள் நிவாரணச் சட்டம், அதாவது 1938ஆம் ஆண்டின் 4ஆவது சட்டம் வந்தது. அது சொன்னது இதுதான். 1932 அக்டோபர் 1ஆம் தேதிக்கு முன் வாங்கிய கடனா? 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டி முழுவதும் தள்ளுபடி. அசலைப் போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியாகிவிட்டதா? கடனே தீர்ந்தது. அவ்வளவு கட்டவில்லையா? இரட்டிப்புக்கு எவ்வளவு குறைகிறதோ அது, அல்லது நிற்கிற அசல், இரண்டில் எது குறைவோ அதைக் கட்டினால் போதும்.

ஒரு கணக்குப் போடுவோம். நூறு ரூபாய் அசல். வட்டியாக மட்டும் நூற்றிருபது ரூபாய் கட்டியாகிவிட்டது. இரட்டிப்பு இருநூறு. குறைவது எண்பது. அசலோ நூறு. ஆகவே எண்பது கட்டினால் கடன் முடிந்தது. நடுவில் எத்தனை தடவை நோட்டை மாற்றி எழுதியிருந்தாலும் முதன்முதலில் கொடுத்த பணமும் பிறகு உண்மையாகவே கொடுத்த பணமும்தான் அசல், ஏற்றி எழுதிய வட்டி அசல் ஆகாது என்றும் சட்டம் சொல்லிவிட்டது. தக்காணத்துப் பாடம் இங்கே பயன்பட்டது.

இனி வாங்கும் கடனுக்கும் வட்டி வரம்பு வைத்தார்கள். மாதம் ரூபாய்க்கு ஒரு தம்படி. ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு தம்படி, ஆக ரூபாய்க்கு 192 தம்படி. வருஷத்துக்குப் பன்னிரண்டு தம்படி வட்டி என்றால் நூற்றுக்கு ஆறேகால். அந்தப் பெரியவர் வீட்டு நோட்டில் இருந்தது இந்த வட்டிதான்.

அப்படியானால் நிலம் ஏன் போயிற்று? பெரியவரே யோசித்துச் சொன்னார். "அப்பா சொல்லுவாருங்க, நோட்டுல முந்நூறு, கைக்கு வந்தது எரநூறு."

அதுதான் விஷயம். ஒரு வருஷம் கழித்துக் கட்ட வேண்டியது 318 ரூபாய் 12 அணா. கைக்கு வந்தது இருநூறு. ஆக இருநூறுக்கு வட்டி 118 ரூபாய்க்கு மேல். நூற்றுக்கு ஐம்பத்தொன்பது! காகிதத்தில் ஆறேகால். சட்டத்தின் வாயை அடைக்கக் காகிதத்தில் ஒன்றும், வசூல் செய்யக் கணக்கில் வேறொன்றும். பெரியவரின் தகப்பனாரும் சும்மா கையெழுத்துப் போடவில்லை. விதைப்புக்கு மழை விழுந்துவிட்டது, வீட்டில் விதை இல்லை. அந்த நேரத்தில் யார்தான் பேரம் பேச முடியும்?

சட்டம் வந்ததும் பலர் கடன் கொடுக்கவே கையை மடக்கிக்கொண்டார்கள் என்பதும் உண்மை. கொடுத்தவர்கள் இப்படி எழுதி வாங்கிக்கொண்டார்கள். வட்டியைக் குறைக்கச் சட்டம் மட்டும் போதாது, கடன் கிடைக்க வேறு வாசலும் திறந்திருக்க வேண்டும் என்பது இதில் தெரிகிறது.

வங்கி வந்த கதை

அந்த வாசல் திறக்க நெடுநாள் ஆயிற்று. 1951-52இல் நாடு முழுக்கக் கிராமக் கடன் ஆய்வு நடந்தது. விவசாயி வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு நூற்றுக்கு மூன்று, அரசின் பங்கும் ஏறக்குறைய மூன்று, வர்த்தக வங்கியின் பங்கு ஒன்றுதான். எழுபது பங்கு வட்டிக்காரரிடம். திரூர்ச் சங்கம் தொடங்கி ஏறக்குறைய ஐம்பது வருஷத்துக்குப் பிறகும் இந்த நிலைமை.

1957இல் இங்கே வட்டிக்கடன் கொடுப்போர் சட்டம் வந்தது. தொழில் செய்ய உரிமம் வேண்டும் என்றது. 1969 ஜூலை 19ஆம் தேதி 14 பெரிய வங்கிகள் அரசுடைமையாயின. 1982இல் நபார்டு வங்கி, 1998இல் உழவர் கடன் அட்டை. 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரையிலான விவசாயக் கடனுக்கு வங்கி ஈடு கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வரம்பை உயர்த்தியது. வாசல் அகலமாகிவிட்டது. இருந்தும் நம்மில் பலர் இன்னும் தண்டல்காரரிடம் போகிறோம். அவர் வீட்டுக்கே வருகிறார், அன்றைக்கே கொடுக்கிறார். வங்கிக்கு நாலு நடை நடக்க வேண்டும். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். பத்தாயிரம் என்று பெயர். ஆயிரத்து ஐந்நூறைப் பிடித்துக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறு கொடுக்கிறார்கள். நாள் ஒன்றுக்கு நூறு ரூபாய், நூறு நாள். "நூற்றுக்குப் பதினைந்துதானே" என்று தோன்றும். அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறது, தவணையோ நூறு நாளில் முடிந்துவிடுகிறது. இதை வருஷத்துக்குக் கணக்கிட்டால் நூற்றுக்கு 120க்கு மேல் வருகிறது. இன்னும் சில கம்பெனிகளில் "பிளாட் வட்டி பன்னிரண்டு" என்பார்கள். மாதா மாதம் அசல் குறைந்தாலும் முழு அசலுக்கே வட்டி. உண்மையில் அது இருபத்தொன்றுக்கு மேல்.

இதற்கும் சட்டம் வந்திருக்கிறது. 2003இல் தமிழ்நாடு அதிக வட்டி வசூல் தடைச் சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே பிடித்தது. மூன்று வருஷம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். கொடுக்க வேண்டிய பணத்தைக் கோர்ட்டில் கட்டிக் கணக்கைத் தீர்க்கவும் அதில் வழி இருக்கிறது. 2010இல் ஆந்திராவில் சிறுகடன் கம்பெனிகளின் வாரத் தவணை நெருக்கடி பெரிதாகி அவசரச் சட்டம் வந்தது. 2022இல் ரிசர்வ் வங்கி சிறுகடனுக்குப் புதிய விதி போட்டது. வீட்டுக் கடன் தவணை எல்லாம் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கூடாது. வசூலுக்குக் காலை ஒன்பதுக்கு முன்போ மாலை ஆறுக்குப் பின்போ தொந்தரவு செய்யக் கூடாது. 2024 அக்டோபர் முதல் வங்கியும் கடன் கம்பெனியும் சில்லறைக் கடனுக்கு முக்கிய விவரத் தாள் ஒன்றை, வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் கொடுக்க வேண்டும். எல்லாச் செலவும் சேர்த்து வருஷ வட்டி எவ்வளவு என்பது அதில் இருக்க வேண்டும்.

அதாவது 1879இல் நீதிபதியிடம் "காகிதத்துக்குப் பின்னால் பார்" என்று சொன்ன சட்டம், இன்றைக்கு அந்தக் கணக்கை முன்கூட்டியே உங்கள் கையில் கொடுக்கச் சொல்கிறது. கேட்டு வாங்கிப் படிக்க வேண்டியது நம் வேலை.

நாலு காரியம் மறக்காதீர்கள். ஒன்று, வெற்று நோட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். 1881ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டம் 20ஆவது பிரிவின்படி, முத்திரை ஒட்டிய வெற்று நோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அதைப் பூர்த்தி செய்யும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்ததாக ஆகிவிடும். இரண்டு, கைக்கு வந்த தொகையே நோட்டில் இருக்கட்டும். மூன்று, கட்டும்போதெல்லாம் ரசீது வாங்குங்கள், கடன் தீர்ந்ததும் நோட்டைத் திரும்ப வாங்குங்கள். நான்கு, "வட்டி எத்தனை" என்று கேட்காமல், "கைக்கு எவ்வளவு, மொத்தம் கட்ட வேண்டியது எவ்வளவு, எத்தனை நாளில்" என்று மூன்றையும் கேளுங்கள். வங்கி, கம்பெனி மேல் குறை இருந்தால் முதலில் அங்கேயே எழுதிக் கொடுங்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

நான் கிளம்பும்போது பெரியவர் தன் பேரனைக் கூப்பிட்டார். மோட்டார் வாங்கப் போன வாரம் பணம் வாங்கியிருக்கிறான். நோட்டில் என்ன தொகை எழுதியிருக்கிறது என்று கேட்டார். பையன் தலையைச் சொறிந்தான். "தொகை எழுதலே தாத்தா, கையெழுத்து மட்டுந்தான் போட்டேன்." பெரியவர் ஒன்றும் பேசவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பேரனையும் அழைத்துக்கொண்டு அப்போதே கிளம்பிவிட்டார், நோட்டில் தொகையை எழுதி வாங்கிவர.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். உழவுக் கணக்கைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, கடன் கணக்கைப் பாருங்கள். கெணத்தடி நிலமாவது மிஞ்சும்.