நம் மாவட்டத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்ற வரலாறு



மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தா என்று நம் தலைவி அக்கா கேட்டபோது, சேமிப்பு, கடன், வட்டி பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள், நீ வேறு ஏதாவது எழுது என்றார். நான் பத்தாவது வரை படித்தவள். குழுவில் தீர்மான நோட்டு எழுதுவேன், அவ்வளவுதான் பழக்கம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள் பற்றி எழுதலாம் என்று தோன்றியதற்கு என் நாத்தனார் மகள்தான் காரணம். அவள் அப்பா ராணுவத்தில் இருக்கிறார். பிள்ளை வடக்கே கேந்திரிய வித்யாலயாவில் படித்தது. சில வருஷம் முன்னாடி லீவுக்கு வந்தவள், "அத்தை, எங்க எட்டாவது இந்திப் புத்தகத்துல உங்க ஊரு வருது, தெரியுமா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்த ஊரு என்றால், புதுக்கோட்டையாம். பொம்பளைகள் எல்லாம் சைக்கிள் ஓட்டக் கற்ற பாடமாம். சாய்நாத் என்ற பத்திரிகைக்காரர் எழுதியது. அவள் தமிழில் சொல்லச் சொல்ல, இது எங்க அம்மா கதை ஆச்சே என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. வடநாட்டுப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். இங்கே நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் என் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை.

நான் அன்னவாசல் பக்கம் பிறந்தவள், திருமயம் பக்கம் வாக்கப்பட்டவள். அதனால் இரண்டு பக்கத்துக் கதையும் காதில் விழுந்திருக்கிறது. அம்மாவிடமும், நம் குழுக்களில் உள்ள பெரியவர்களிடமும் கேட்டு இதை எழுதுகிறேன்.

மகளிர் திட்டம் 1997-98-ல் தொடங்கியது. அதற்கு முன்பே நம் மாவட்டத்தில் பொம்பளைகள் ராத்திரியில் ஒன்றாகக் கூடி உட்கார்ந்த இடம் ஒன்று இருந்தது. அதுதான் அறிவொளி இயக்கம். கேரளாவில் எர்ணாகுளம் மாவட்டம் 1990-ல் முழு எழுத்தறிவு பெற்றது. அதைப் பார்த்து மற்ற மாவட்டங்களிலும் ஆரம்பித்தார்கள். இங்கே 1991-ல் வேகம் பிடித்தது. மாவட்ட நிர்வாகமும் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் சேர்ந்து நடத்தின. சம்பளம் வாங்காத தொண்டர்கள்தான் வாத்தியார்கள். பாதிக்குப் பாதி வயசுப் பொண்ணுகள் என்று அம்மா சொல்வார். வேலை முடிந்து, சோறாக்கி வைத்துவிட்டு, அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு போய் கோயில் திண்ணையில் உட்காருவார்களாம். பட்டா, படி என்றுதான் அம்மா எழுதத் தொடங்கினார். கைரேகை வைத்துக்கொண்டிருந்தவர் கையெழுத்துப் போட மூன்று மாதம் ஆயிற்று.

அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் அம்மா. சைக்கிளைப் படிப்போடு சேர்த்தது அவர்கள்தான். தொண்டராக வரும் பெண்கள் ஊர் ஊராகப் போக வேண்டும். பஸ்ஸை நம்பினால் ஒரு நாளைக்கு ஒரு ஊர்கூட முடியாது. முதலில் அவர்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு படிக்க வருகிறவர்களுக்கும் என்று ஆயிற்று. சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார்கள். ஆம்பளைத் துணையில்லாமல் ஓரிடத்துக்குப் போய்வர முடிவதும் எழுத்தறிவில் சேர்ந்ததுதான் என்று ஒரு அதிகாரி நினைத்தாரே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இன்றைக்கும் எத்தனை பேருக்கு அந்த எண்ணம் வரும்?

எங்க அம்மாவுக்கு அப்போது 25 வயசு இருக்கும். நான் சின்னப்பிள்ளை. ஊரில் நாலு பேர் சேர்ந்து, வாடகைச் சைக்கிள் ஒன்றை எடுத்து, தண்ணீர் வற்றிக் கிடந்த கம்மாய்க்குள் நிலா வெளிச்சத்தில் பழகினார்களாம். பகலில் பழகினால் பயல்கள் கூடிவிடுவார்கள். முதலில் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். பிறகு ஒரு காலைப் பெடலில் வைத்து எத்தி எத்தி உருட்ட வேண்டும். சீட்டில் உட்காருவது கடைசியில்தான். சேலைக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாலும் செயினில் மாட்டிக் கிழிந்த சேலைகள் எத்தனையோ. முழங்கால் தேய்ந்த காயத்தை வீட்டில் மறைப்பதுதான் பெரும்பாடு என்பார். களத்துமேட்டில் விழுந்தேன், கல் தடுக்கியது என்று ஒவ்வொரு நாளும் ஒரு பொய்.

ஒருநாள் அப்பாவின் சைக்கிளையே எடுத்துக்கொண்டு போய் ஹேண்டில்பாரை வளைத்துக்கொண்டு வந்துவிட்டார். விஷயம் தெரிந்துபோனது. அப்பா கோபப்பட்டாலும் வளைந்ததை நிமிர்த்தி வாங்கினார். அப்பத்தாதான் ஒரு வாரம் பேசவில்லை. "குடும்பத்துப் பொம்பளை காலைத் தூக்கிப் போட்டு ஏறுவாளா" என்று தெருவே கேட்கப் பேசினதாம். அதே அப்பத்தா ஆறு மாதத்தில் ரேஷன் கடைக்குப் போகணும், கேரியரில் என்னை ஏத்திக்கோ என்று வாசலில் வந்து நின்றதைச் சொல்லி அம்மா இன்னும் சிரிப்பார்.

பொம்பளைச் சைக்கிள் அப்போது அவ்வளவாகக் கிடைக்கவில்லை. இருந்ததெல்லாம் ஆம்பளைச் சைக்கிள்தான். ஆனால் பல பேர் அதுதான் தோது என்று சொல்லியிருக்கிறார்கள். சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் உள்ள கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம். பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடமோ காய்கறி மூட்டையோ கட்டலாம். ஏறுவதுதான் கஷ்டம். அம்மா ஏதாவது ஒரு கல்லில் கால் வைத்துத்தான் ஏறுவார். கல் இல்லாத இடத்தில் இறங்கிவிட்டால் அடுத்த கல் வரும்வரை தள்ளிக்கொண்டே போவாராம். குடுமியான்மலை போகிற வழியில் எங்கெங்கே கல் கிடக்கும் என்று இப்போது கேட்டாலும் சொல்வார்.

1992 மார்ச் 8, உலக மகளிர் தினம். அன்றைக்கு 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் கொடி கட்டிக்கொண்டு, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை டவுனுக்குள் வந்தார்கள். டவுன் சனங்கள் வாயடைத்து நின்றார்களாம். அந்த ஊர்வலத்தில் எங்க அம்மா இருந்தார். முன்கம்பியில் நான் இருந்தேன். எனக்கு வேறெதுவும் ஞாபகமில்லை. மணிச்சத்தம் மட்டும் இருக்கிறது. அதுவும் நிஜமாகவே ஞாபகமா, அம்மா சொல்லிச் சொல்லி வந்ததா என்று தெரியவில்லை.

அந்த வருஷம் ஆகஸ்டில் புதுக்கோட்டையை முழு எழுத்தறிவு மாவட்டம் என்று அறிவித்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள் என்று சாய்நாத் எழுதியிருக்கிறார். கல்குவாரியில் கல் உடைத்த பெண்கள், அங்கன்வாடிக்காரர்கள், கிராம நர்சுகள், பூ விற்றவர்கள் என்று எல்லாரும் இருந்தார்கள். அந்தக் காலத்தில்தான் கல்குவாரிகளைச் சில இடங்களில் பெண் தொழிலாளர் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டார்கள் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

பொருளாதாரமாகப் பார்த்தால் மிச்சமானது நேரம். பஸ்ஸுக்காக அரைநாள் நின்ற வியாபாரப் பெண்கள் இரண்டு ஊர் கூடுதலாகப் போய் விற்றார்கள். அது உண்மைதான். ஆனால் அம்மாவிடம் கேட்டால் காசுக் கணக்கைச் சொல்ல மாட்டார். "உங்க அப்பா எப்ப வருவாருன்னு காத்துக்கிட்டு இருக்க வேணாம்ல" என்பார்.

இனி எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். வரலாறு என்றால் நல்லதை மட்டும் எழுதுவது சரியில்லை என்று எழுதுகிறேன்.

இயக்கம் முடிந்ததும் தொண்டர்கள் வருவது நின்றது. எங்க வீட்டில் நெல் வெள்ளாமை இரண்டு வருஷம் அடுத்தடுத்துப் பொய்த்தது. நான் ஐந்தாவது படிக்கும்போது கடனுக்காக அப்பா சைக்கிளை விற்றார். அம்மா தடுக்கவில்லை. ஓட்டத் தெரியும், வண்டி இல்லை. 2003-ல் நான் பத்தாவது பாஸானேன், 500-க்கு 371. மேல்நிலைப் பள்ளி ஏழு கிலோமீட்டர். காலையில் ஒரு பஸ், அதுவும் சரியாக வராது. வயசுக்கு வந்த பிள்ளையை எப்படி அனுப்புவது என்று நிறுத்திவிட்டார்கள். ஊர்வலம் போன அம்மாவின் மகளுக்கே இதுதான் நடந்தது. அம்மாவை அதற்காக ரொம்ப நாள் மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

2001-02-ல் மேல்நிலை படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. என்கூடப் படித்த காலனிப் பிள்ளைகள் இரண்டு பேருக்குக் கிடைத்தது. இரண்டு பேரும் பன்னிரண்டாவது முடித்தார்கள். ஒருத்தி இப்போது நர்சாக இருக்கிறாள், பார்த்தால் சந்தோஷமாக இருக்கும். 2005-06-ல் எல்லா மாணவ மாணவியருக்கும் என்று ஆக்கினார்கள். அதற்குள் எனக்குப் பரிசம் போட்டாயிற்று. கல்யாணமாகி வந்த ஊரில் மருமகள்கள் சைக்கிள் ஏறும் வழக்கம் இல்லை. நானும் ஏறவில்லை. அம்மா முன்கம்பியில் வைத்து ஓட்டியவளுக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

போன வருஷம் மகளிர் தினத்துக்கு நம் கூட்டமைப்பில் என்ன செய்யலாம் என்று பேசினபோது, சைக்கிள் ஊர்வலம் போகலாம் என்றேன். ஓட்டத் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் என்றார் செயலாளர் அக்கா. ஐம்பது வயசுக்கு மேற்பட்டவர்கள் படபடவென்று தூக்கினார்கள். என் வயசுக்காரிகள் தரையைப் பார்த்தோம். எனக்கு மட்டும்தான் இந்தக் குறை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்!

ஒரு மாதம் பழகினோம். வண்டி யாருடையது தெரியுமா? நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள்கள்தான். என் மகள் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "அம்மா, கீழ பார்க்காத, ரோட்டைப் பாரு" என்று ஒரே அதட்டல். இரண்டு தடவை வேலிக் கருவைக்குள் போய் விழுந்தேன். முள் எடுத்த கதை தனி.

மார்ச் 8 அன்று 27 பேர் போனோம். பஸ் ஸ்டாப்பிலிருந்து ஊருக்கு வரும் வழியில் விளக்கு இல்லை, டியூசன் முடிந்து பிள்ளைகள் இருட்டில் வருகிறார்கள் என்று ஒன்றிய அலுவலகத்தில் மனு கொடுத்தோம். போகும்போது பெரியவர்கள் முன்னால், நாங்கள் பின்னால். திரும்பும்போது மூச்சு வாங்கி எல்லாரும் கலந்துவிட்டோம். நாலு மாதம் கழித்து மூன்று விளக்கு வந்தது. கேட்டது ஆறு. மீதி மூன்றுக்கு இந்த வருஷமும் போவோம்.

அம்மாவுக்குப் போனில் சொன்னேன். முழங்கால் வலியால் இப்போது அவரால் ஏற முடியாது. "எங்க கால் வச்சு ஏறுன?" என்று கேட்டார். பொம்பளைச் சைக்கிள்மா, கல் வேண்டாம் என்றேன். "அப்ப சுலுவுதான்" என்றார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு, "உன்னையப் படிக்க வச்சிருக்கணும்டீ" என்றார். இருபது வருஷமாக அவர் வாயிலிருந்து வராத பேச்சு. சரி விடுங்கம்மா என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

சகோதரிகளிடம் ஒரு கோரிக்கை. 1991, 92-ல் சைக்கிள் பழகியவர்கள் நம் குழுக்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் பேர், ஊர், யாரிடம் பழகினீர்கள், எந்தக் கம்மாயில் பழகினீர்கள் என்பதை உங்கள் குழுவின் எழுதத் தெரிந்த பெண்ணிடம் சொல்லி எழுதிக் கொடுங்கள். அந்த ஊர்வலத்துப் போட்டோ யார் வீட்டுப் பெட்டியிலாவது இருந்தால் கூட்டமைப்பு அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். எங்க அம்மா அன்றைக்கு நீலச் சேலை கட்டியிருந்தாராம், கம்பியில் ஒரு பிள்ளை இருக்கும். போட்டோவை நகல் எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தந்துவிடுவோம்.