ஹென்றிக்ஸின் கித்தாரும் கில் எவன்ஸின் இசைக்குழுவும்

கலைகளை மேலென்றும் கீழென்றும் வரிசைப்படுத்தி வைப்பதில் வணிகருக்குத் தனி அக்கறை உண்டு. 1920களில் ஐக்கிய அமெரிக்காவின் இசைத்தட்டுக் கம்பனிகள், கறுப்பின மக்களின் இசையை "இனத் தட்டுகள்" என்று தனிப் பட்டியலிட்டு விற்றன. பிற்காலத்தில் அப்பெயர் மறைந்தது, பிரிவினை மறையவில்லை. ஜாஸ் கற்றோர்க்குரியது, றொக் விடலைகளின் கூச்சல் என்ற கருத்து விமர்சகரிடையேயும் நிலவியது. 1974ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் இசைத்தட்டினை இப்பின்னணியில் வைத்தே நோக்குதல் வேண்டும்.

ஜிமி ஹென்றிக்ஸ் 1942இல் சியாற்றில் நகரிற் பிறந்தவர். 1961இல் இராணுவத்திற் சேர்ந்து பரசூட் வீரராகப் பயிற்சி பெற்று, மறு ஆண்டே வெளியேறினார். பின்னர் லிட்டில் றிச்சர்ட், ஐஸ்லி சகோதரர் முதலியோருக்குப் பின்னணியில் கித்தார் வாசித்து வயிறு வளர்த்தார். 1966இல் இலண்டன் சென்ற பின்னரே தாயகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. 1969 ஆகஸ்டில், வியட்னாம் யுத்தம் நடந்துகொண்டிருக்கையில், வூட்ஸ்ரொக் விழாவில் அவர் அமெரிக்கத் தேசிய கீதத்தை வாசித்தார். குண்டு விழும் ஓசையும் ஓலமும் அந்தக் கித்தாரிலிருந்து எழுந்தன. வார்த்தை ஒன்றேனும் பாடப்படவில்லை. ஆயினும் பொருள் விளங்காதவர் இருந்திருக்க முடியாது.

கில் எவன்ஸ் 1912இல் ரொறொன்ரோவிற் பிறந்த வெள்ளையர். மைல்ஸ் டேவிசுடன் இணைந்து "மைல்ஸ் அஹெட்" (1957), "ஸ்கெச்சஸ் ஒவ் ஸ்பெயின்" (1960) ஆகிய தட்டுகளை ஆக்கியவர். ஹென்றிக்ஸுக்கு இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. எவன்ஸும் பெரும்பாலும் தாமாகவே கற்றவர்தாம். இருவரும் சேர்ந்து பணியாற்றுவது பற்றிச் சந்திக்க ஏற்பாடாகியிருந்தது. 1970 செப்டெம்பர் 18இல் ஹென்றிக்ஸ் இலண்டனில் இறந்தார், வயது இருபத்தேழு.

1974 ஜூன் மாதம் நியூயோர்க் கார்னகி மண்டபத்தில் எவன்ஸ் குழுவினர் ஹென்றிக்ஸின் பாடல்களை வாசித்தனர். அம்மாதமே ஆர்.சி.ஏ. கம்பனிக்காக அவை ஒலிப்பதிவாயின. எவன்ஸ் தாமே எல்லாவற்றையும் அமைக்கவில்லை. குழுவின் உறுப்பினர் பலருக்கு ஆளுக்கொரு பாடலெனப் பகிர்ந்தளித்தார். தலைவர் எனப்படுவோரிடம் இப்பண்பு அரிதாகவே காணப்படுவது.

தட்டு குறையற்றதன்று. ட்ரம்பெற் கலைஞர் மார்வின் பீற்றர்சன் பாடும் இடங்களில், ஹென்றிக்ஸின் அந்த அலட்சியமான குரலை மனம் தேடவே செய்கிறது. கித்தார்க் கலைஞர்கள் குழுவில் இருந்தும், "வூடூ சைல்ட்" பாடலின் மெட்டு ஹவார்ட் ஜோன்சனின் ரியூபாவுக்கே வழங்கப்பட்டது! அணிவகுப்புகளில் அடித்தாளம் சுமக்கும் அந்தப் பருத்த பித்தளைக் குழல், புளூஸ் பாடகனைப் போல உறுமி முறையிடுகின்றது. ஹென்றிக்ஸைப் போலி செய்யாமல் அவருடைய வேரைத் தொட்டது இவ்விடமே. மின்சாரத்தை நீக்கிய பின்னும் எஞ்சுவது கறுப்பின மக்களின் பழைய புளூஸ் என்பதைச் செவியே உணர்ந்துகொள்கிறது.

எவன்ஸ் இதனை ஓர் அஞ்சலியோடு முடித்துக்கொள்ளவில்லை. 1980களில் கிறீனிச் விலேஜின் "சுவீற் பேசில்" என்னும் சிறு அரங்கில், திங்கட்கிழமை இரவுகளில் அவருடைய குழு வாசித்தது. 1988இல் அவர் இறக்கும்வரை ஹென்றிக்ஸின் பாடல்கள் அக்குழுவின் நிகழ்ச்சிகளில் இடம்பெற்றுவந்தன.