விண்ணேறும் உயிருக்கு விலை

மனிதரை விண்ணுக்கு அனுப்பும் போட்டியில் இறங்கும் ஆசை நமக்கில்லை என்று 1960களில் கூறியவர் விக்ரம் சாராபாய். ஏழை நாட்டின் கணக்கு அது. 1984இல் ராகேஷ் சர்மா சென்றதும் சோவியத் கலத்தில்தான்.

ககன்யானுக்கு 2018இல் ஒப்புதலான தொகை 9,023 கோடி ரூபாய். 2024இல், விண்வெளி நிலையத்தின் முதற்கூறையும் சேர்த்து, 20,193 கோடி. இதனை வீண் என்போரை நாம் எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

ஆயினும் 2003 பிப்ரவரி 1ஐ எண்ணிப் பார்ப்போம். ஏவும்போது பெயர்ந்த நுரைக்காப்புத் துண்டொன்று கொலம்பியாவின் இடது இறக்கையை உடைத்தது. மோதியதைப் படத்தில் கண்டும் மேலாளர்கள் பெரிதாக எண்ணவில்லை. கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் மாண்டனர்.

நம் மகேந்திரகிரியில் 2021இல் விகாஸ் எஞ்சினை 240 நொடிகள் எரித்துச் சோதித்ததும், 2023இல் ஸ்ரீஹரிகோட்டாவில் ஆளில்லாக் கலத்தை ஏவி, நடுவழியில் பிரித்துக் கடலில் இறக்கியதும் அத்தகைய சாவைத் தவிர்க்கவே. பறக்கத்தான் வேண்டுமா என்று கேட்கலாம். இச்சோதனைகளில் மிச்சம் பிடியுங்கள் என்று கேட்க நமக்கு மனம் வரவில்லை.