கூச்சல் பாட்டை விழுங்கிய காலம்



நேற்று ஓபியில் ஒரு தம்பி வந்திருந்தார். வயது 26. சவுண்ட் சர்வீஸ் வேலை.

"டாக்டர், ராத்திரி படுத்தா காதுக்குள்ள குய்ன்னு ஒரே சத்தம். மூணு மாசமா சரியா தூக்கமே இல்ல" என்றார்.

பரிசோதித்துவிட்டு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினேன். வீட்டுக்கு வந்த பிறகும் மனசு அங்கேயே நின்றது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

கொல்லர்களுக்கும் ஆலைத் தொழிலாளிகளுக்கும் இரைச்சலால் காது போகும் என்பது பழைய செய்தி. ஆனால் சந்தோஷத்துக்காகப் போன இடத்திலேயே காதுக்கு ஆபத்து வந்தது எப்போது தெரியுமா?

1960களுக்குப் போவோம் வாங்க.

1964 பிப்ரவரி 9, ஞாயிறு இரவு. நியூயார்க்கில் எட் சல்லிவன் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சி. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து இளைஞர்கள் நால்வர் மேடை ஏறுகிறார்கள். பீட்டில்ஸ்.

அரங்கில் இருந்தவர்கள் 728 பேர். வீட்டில் டிவி முன்னால் இருந்தவர்கள் சுமார் 7 கோடியே 30 லட்சம் பேர்!

(அப்போது நம் நாட்டில் டிவி டெல்லியில் மட்டும்தான். சென்னைக்கு தூர்தர்ஷன் வந்தது 1975ல். நம்ம தாத்தா பாட்டிக்கு வானொலிதான் எல்லாம்.)

அதே ஆண்டு ஜனவரி 1 அன்று பிபிசி "டாப் ஆஃப் தி பாப்ஸ்" நிகழ்ச்சியைத் தொடங்கியிருந்தது. மான்செஸ்டரில் ஒரு பழைய தேவாலயத்தை ஸ்டுடியோவாக மாற்றி அங்கிருந்து ஒளிபரப்பினார்கள். ஆரம்பத்தில் இசைத்தட்டு ஓடும், பாடகர்கள் வாயை மட்டும் அசைப்பார்கள்.

இதில் ஒரு சோகம் உண்டு. அன்று வீடியோ டேப் விலை அதிகம். ஒளிபரப்பு முடிந்ததும் அழித்துவிட்டு அதே டேப்பில் வேறு நிகழ்ச்சியைப் பதிவார்கள். அப்படி அந்த ஆரம்பகால நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை அழிந்தே போயின. பார்த்தவர்கள் நினைவில் மட்டும்தான் மிச்சம்.

சரி, கச்சேரிக்கு வருவோம்.

1965 ஆகஸ்ட் 15. நியூயார்க் ஷே ஸ்டேடியம். பேஸ்பால் மைதானம் அது. கூட்டம் 55,600 பேர்.

பீட்டில்ஸிடம் இருந்தது ஆளுக்கொரு 100 வாட் ஆம்ப்ளிஃபயர். இன்றைக்கு ஒரு சின்னக் கல்யாண மண்டபத்திலேயே இதைவிட அதிகம் வைக்கிறோம். பாட்டுச் சத்தமோ, மைதானத்தில் அறிவிப்புகளுக்காக வைத்திருந்த ஒலிபெருக்கி வழியாகத்தான் போனது.

பாடுபவர் தன் குரலைக் கேட்க இப்போது மேடையில் மானிட்டர் ஸ்பீக்கர் வைக்கிறோமே, அதுவும் அன்று இல்லை.

விளைவு? ரசிகர்களின் கூச்சல் பாட்டை விழுங்கிவிட்டது. பாட்டு எந்த இடத்தில் போகிறது என்பதை முன்னால் நிற்பவர்களின் உடல் அசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டதாக டிரம்மர் ரிங்கோ ஸ்டார் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அடுத்த ஆண்டு, 1966 ஆகஸ்ட் 29, சான் பிரான்சிஸ்கோ. டிக்கெட் விற்று அவர்கள் நடத்திய கடைசிக் கச்சேரி அதுதான். அலைச்சல், மிரட்டல் என்று காரணங்கள் பல. வாசிப்பது தங்களுக்கே கேட்கவில்லை என்பதும் அதில் ஒன்று.

கூச்சலை ஜெயிக்க மற்றவர்கள் கண்ட வழி என்ன? இன்னும் பெரிய சத்தம்!

லண்டனில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962லேயே ஆம்ப்ளிஃபயர் செய்யத் தொடங்கியிருந்தார். "தி ஹூ" குழுவின் கிட்டார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் அவரிடம் "இன்னும் சத்தம் வேணும்" என்று கேட்க, 1965ல் 100 வாட் மார்ஷல் பிறந்தது. ஆளுயரத்துக்கு மேல் ஸ்பீக்கரை அடுக்கினார்கள்.

1967 செப்டம்பரில் அதே குழு ஓர் அமெரிக்க டிவி நிகழ்ச்சியில் வாசித்தது. கடைசியில் டிரம்மர் கீத் மூன் டிரம்முக்குள் வைத்திருந்த வெடி, எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வெடித்தது. பக்கத்தில் நின்றவர் டவுன்ஷெண்ட்.

அவருக்கு பின்னாளில் செவித்திறன் குறைந்தது. காது இரைச்சலும் சேர்ந்துகொண்டது. ஆனால் அவர் முக்கியமாகக் குறை சொன்னது மேடையை அல்ல, ஸ்டுடியோவில் மாட்டிய ஹெட்ஃபோனை!

இப்போது மருத்துவம்.

உள்காதில் நத்தை ஓடு போன்ற காக்ளியா இருக்கிறது. ஒரு காதுக்கு சுமார் 15,000 மெல்லிய ரோம செல்கள். ஒலியை நரம்புக்குச் சொல்வது இவைதான். செத்தால் மனிதருக்கு மறுபடி முளைக்காது. அழிந்த டேப் மாதிரிதான், போனால் போனதுதான்.

85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் வரை இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் வெறும் 15 நிமிடம்தான்.

ஆகவே உறவுகளே,

கச்சேரியோ திருவிழாவோ, ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் நிற்காதீர்கள். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கவே நிற்காதீர்கள்.

இடையிடையே வெளியே வந்து காதுக்கு ஓய்வு கொடுங்கள்.

ஹெட்ஃபோனில் சத்தத்தை 60 சதவிகிதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் காதில் "குய்" கேட்டால் அது எச்சரிக்கை மணி. மறுநாள் அடங்கிவிட்டாலும் அலட்சியம் வேண்டாம்.

திடீரென ஒரு காது கேட்கவில்லை என்றால் அது அவசரம். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

அந்தத் தம்பி கிளம்பும்போது கேட்டார். "முழுசா சரியாயிடுமா டாக்டர்?"

பொய் சொல்ல மனசு வரவில்லை. "போனது திரும்பாது தம்பி. இருக்கறதைக் காப்பாத்தலாம். இரைச்சலோட தூங்கப் பழக வழி இருக்கு" என்றேன்.

வேலையை விடச் சொல்ல முடியாது, அவருக்கு அதுதான் சோறு. காதில் வைக்கும் ஃபோம் அடைப்பானை எப்படி உருட்டி உள்ளே வைப்பது என்று செய்து காட்டினேன். வரும் வெள்ளிக்கிழமை ஒரு கோயில் நிகழ்ச்சி இருக்கிறதாம். போட்டுக்கொண்டுதான் போவேன் என்று சொல்லியிருக்கிறார்.

உங்களுக்குத் தெரிந்த சவுண்ட் சர்வீஸ், பேண்டு, மேளக்காரத் தம்பிகளுக்கு இதைக் காட்டுங்கள்.