தாமோதர் பள்ளத்தாக்கு முதல் தென்துருவம் வரை

1969 டிசம்பரில், அண்டார்க்டிகாவின் கோல்சாக் பிளஃப் பாறைமேட்டில் கிடைத்த எலும்புத் துண்டுகளை அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் எட்வின் கோல்பெர்ட் இனங்கண்டார். தென்துருவத்திலிருந்து 700 கிலோமீட்டர்கூட இல்லாத இடம் அது. எலும்புகள் லிஸ்ட்ரோசாரஸுக்கு உரியவை.

அந்த விலங்கு இந்தியாவுக்குப் புதிதல்ல. வங்கத்தின் தாமோதர் பள்ளத்தாக்கில், நிலக்கரிக்குப் பேர்போன ராணிகஞ்சை ஒட்டிய பாஞ்செட் பாறைகளில் கிடைத்த அதன் எச்சங்களை தாமஸ் ஹக்ஸ்லி 1865லேயே ஆராய்ந்து எழுதிவிட்டார். தென்னாப்பிரிக்காவின் கரூ பகுதியிலோ அது கொட்டிக் கிடக்கிறது. பன்றியை ஒத்த உடல், குட்டைக் கால்கள், ஆமைக்கு இருப்பதுபோல் அலகு, மேல்தாடையில் இரண்டு தந்தங்கள். செடிகொடிகளைத் தின்று வாழ்ந்த இப்பிராணி பெருங்கடலை நீந்திக் கடந்திருக்க முடியாது. இன்று கடல்களால் பிரிந்து கிடக்கும் இந்த மூன்று நிலங்களிலும் அது வாழ்ந்தது என்றால், நிலங்கள்தான் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். ஆல்ஃபிரட் வெகனர் 1912இல் கண்டம் நகர்வதைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பிறகு துருவப் பாறையில் கிடைத்த இந்த எலும்புகளைவிட எளிதாகப் புரியும் சான்று வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இதை டைனோசர் என்று நினைப்பவர்கள் உண்டு. டைனோசர்கள் தோன்றும் முன்பே வாழ்ந்த இது, பாலூட்டிகள் வந்த பெருங்கிளையைச் சேர்ந்தது. கண்குழிக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரு திறப்பு கொண்ட மண்டையோடு அதைக் காட்டிக்கொடுக்கிறது. நமக்கு நேர் மூதாதை அல்ல, பங்காளி வழி உறவு.

சுமார் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவில் எரிமலைகள் பொங்கிப் பூமி வெப்பமேறியது. பெரும்பாலான கடலுயிர்கள் அழிந்தன, நிலத்திலும் பேரழிவு. அதைத் தாண்டி லிஸ்ட்ரோசாரஸ் பெருகியது. கரூவின் சில அடுக்குகளில் கிடைக்கும் முதுகெலும்பி எச்சங்களில் மிகப் பெரும்பங்கு இதனுடையதே. வளை தோண்டி வாழ்ந்தது காப்பாற்றியது என்கிறார்கள் சிலர். வெறும் அதிர்ஷ்டம் என்போரும் உண்டு. என் மனம் முதல் கட்சியின் பக்கம் சாய்கிறது. அதற்குக் காரணம் தந்தங்கள்.

இந்தத் தந்தங்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்தன. மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல உள்ளே அடுக்குகள் பதிந்தன. மேகன் விட்னியும் கிறிஸ்டியன் சிடரும் அண்டார்க்டிகத் தந்தங்களைத் தென்னாப்பிரிக்கத் தந்தங்களோடு ஒப்பிட்டு 2020இல் ஆய்வை வெளியிட்டார்கள். அண்டார்க்டிகத் தந்தங்களில் மட்டும் உடல் நெருக்கடிக்கு உள்ளானதைக் காட்டும் நெருக்கமான, தடித்த கோடுகள் இருந்தன. அன்றைய அண்டார்க்டிகா பனியால் மூடப்படவில்லை. ஆனாலும் குளிர்காலத்தில் சூரியன் தலைகாட்டாத துருவ வட்டத்துக்குள் இருந்தது. அந்த மாதங்களில் விலங்கு உடலியக்கத்தைக் குறைத்துக்கொண்டு, இன்றைய கரடிகளும் முள்ளெலிகளும் செய்வதைப்போல உறங்கிக் கழித்திருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. அப்படி உறங்கிக் கழிக்க வளை உதவியிருக்கும் என்பதால்தான் என் மனம் அந்தப் பக்கம் சாய்கிறது.