சிவப்பு விளக்கும் தண்ணீர்ப் பம்பும்

சிதம்பரத்தில் இருக்கும் என் தங்கையின் பேரன் போன மாதம் கடலூர் வந்திருந்தான். மெக்கானிக்கல் படித்தவன். பழைய மாருதி எஸ்டீம் ஒன்றை வாங்கி, இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காகச் சரிசெய்துகொண்டிருக்கிறான்.

"தாத்தா, இன்ஜினோட சுத்துற தண்ணீர்ப் பம்பை எடுத்துட்டு எலெக்ட்ரிக் பம்ப் போடப் போறேன். நிமிஷத்துக்கு 80 லிட்டர், 115, 150னு மூணு இருக்கு. எதை வாங்கலாம்?" என்று கேட்டான்.

கோப்புகளோடு காலம் தள்ளிய குமாஸ்தா நான். என்னைக் கேட்டது மரியாதைக்குத்தான். ஆனால் தண்ணீர்ப் பம்ப் என்றதும் எனக்கு அவன் பாட்டியின் கல்யாண நாள் ஞாபகம் வந்துவிட்டது. அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் சரித்திரம் சொல்ல வேண்டும்.

முதல் மோட்டார் வண்டிக்குத் தண்ணீர்ப் பம்பே கிடையாது. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகப் போகும். போகப் போக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்தா இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து தாய் வீடு இருந்த போர்ட்ஸ்ஹைமுக்கு அந்த வண்டியில் போனார். வழியெல்லாம் தண்ணீர் தேடித்தான் போக வேண்டியிருந்தது.

அடுத்து வந்தது 'தெர்மோசிஃபோன்'. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் சரித்திரப் பாடத்தில் மார்ன் டாக்சிகள் உண்டு. 1914 செப்டம்பரில் ஜெர்மானியப் படை பாரிசை நெருங்கியபோது, சுமார் 600 டாக்சிகள் சிப்பாய்களைப் போர்முனைக்கு ஏற்றிச் சென்றன. பெரும்பாலும் ரெனோ கம்பெனி வண்டிகள். மூக்குச் சரிந்த அந்த வண்டிகளில் ரேடியேட்டர் முன்னால் இருக்காது, இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும். பம்ப் இல்லை. சூடான தண்ணீர் மேலே ஏறும், ஆறியது கீழே இறங்கும். வெந்நீர் அண்டாவில் நாம் பார்ப்பதுதான். ஃபோர்டு 1908-இல் டி மாடலைத் தொடங்கியபோது முதல் 2,500 வண்டிகள் வரை பம்ப் வைத்தது. பிறகு அதையும் எடுத்துவிட்டு, 1927-இல் அந்த மாடல் நிற்கும் வரை தெர்மோசிஃபோனிலேயே ஓட்டியது. கெட்டுப்போவதற்கு அதில் எதுவும் இல்லை.

ஆனால் வேகம் வேண்டுமென்றால் அது போதாது. பிரான்சின் நீஸ் நகரில் இருந்த எமில் யெல்லினெக் என்ற பணக்காரருக்காக டைம்லர் கம்பெனியின் மைபாக் செய்த வண்டி 1901-இல் அங்கே போட்டிகளில் வென்றது. யெல்லினெக்கின் மகள் பெயர்தான் அதற்கு மெர்சிடிஸ் என்று வந்தது. 35 குதிரைத் திறன் இன்ஜினை 9 லிட்டர் தண்ணீரிலேயே குளிர வைத்தார்கள். தேன்கூடு போன்ற ரேடியேட்டரும், தண்ணீரை வேகமாகச் சுற்றவிட்ட பம்பும் சேர்ந்து செய்த வேலை அது.

பிறகு பம்ப் எல்லா வண்டிக்கும் வந்தது. நம் அம்பாசிடரில் ஒரே பெல்ட்தான் பம்பையும் விசிறியையும் டைனமோவையும் சுற்றும். இதில் ஒரு வசதி உண்டு. பெல்ட் அறுந்தால் டைனமோவும் நின்றுவிடும். உடனே டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். பேட்டரிக்காக வைத்த விளக்கு, தண்ணீர் நின்றதையும் சொல்லிவிடும்.

இதை நான் தெரிந்துகொண்ட விதம்தான் வருத்தமானது.

1978. தங்கைக்குச் சிதம்பரத்தில் கல்யாணம். பெண்ணும் மற்றவர்களும் முதல் நாளே போய்விட்டார்கள். தாய்மாமனையும் வயதான இரண்டு அத்தைகளையும் அழைத்துக்கொண்டு விடியற்காலையில் நான் ஒரு வாடகை அம்பாசிடரில் கிளம்பினேன். ஏழரைக்கு முகூர்த்தம். ஆலப்பாக்கம் தாண்டியதும் டிரைவர் வண்டியை மெதுவாக்கினார்.

"சார், சிவப்பு லைட் எரியுது. நிறுத்திப் பாத்துடறேன்."

"பேட்டரி லைட்தானேப்பா? சிதம்பரம் போய்ப் பாத்துக்கலாம். மாமா இல்லாம அங்க சடங்கு நடக்காது" என்றேன். அவர் இன்னொரு தரம் சொன்னார். நான் கடிகாரத்தைக் காட்டினேன். அவர் பேசாமல் ஓட்டினார்.

புதுச்சத்திரம் வருவதற்குள் ஆவி கிளம்பி, இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. பின்னால் வந்த பேருந்தைக் கை காட்டி நிறுத்தி நாங்கள் நால்வரும் ஏறிக்கொண்டோம். முகூர்த்தத்துக்கும் போய்ச் சேர்ந்தோம். அந்த டிரைவர் சாலையோரத்தில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். வண்டி அவருடையது அல்ல. பிறகு விசாரித்தபோது, ரிப்பேர்ச் செலவை முதலாளி அவர் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தார் என்று ஸ்டாண்டில் சொன்னார்கள். வாடகையைக் கொடுத்தேன். மற்றதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அன்று என் சம்பளமும் சொற்பம்தான். ஆனாலும் அது சாக்கு ஆகாது.

இனி பேரன் விஷயத்துக்கு வருகிறேன். பெல்ட் பம்ப் இன்ஜின் வேகத்துக்கு அடிமை. வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது தண்ணீர் போதாது. பந்தய வேகத்தில் இறக்கைகளைச் சுற்றிக் குமிழ் கட்டி, பம்ப் சக்தியைத் தின்னுமே தவிர தண்ணீரைத் தள்ளாது. சுற்று முடிந்து இன்ஜினை அணைத்தால், வெப்பம் அதிகமாக இருக்கும் நேரத்தில் தண்ணீர் நின்றுவிடும். எழுபதுகளில் ஒரு தடவை சோழவரம் போயிருக்கிறேன். போர்க்கால விமான ஓடுதளத்தில் ஃபியட்டும் ஹெரால்டும் பறக்கும். ஓட்டம் முடிந்து வந்த வண்டிகளில் பாதி ஆவி விட்டுக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

எலெக்ட்ரிக் பம்ப் இந்த அடிமைத்தனத்தை நீக்குகிறது. வெப்பத்தைப் பார்த்து அதுவே வேகத்தைக் கூட்டும், குறைக்கும். இன்ஜினை அணைத்த பிறகும் இரண்டு மூன்று நிமிடம் ஓடும். 2004-இல் பி.எம்.டபிள்யூ தன் ஆறு சிலிண்டர் இன்ஜினில் இதை வைத்தது. 2009-இல் வந்த டொயோட்டா பிரியஸில் பெல்ட்டே இல்லை.

எந்த அளவு வாங்குவது? இருவரும் தாளும் பேனாவும் எடுத்தோம். அவன் இன்ஜின் 1.3 லிட்டர், 85 குதிரைத் திறன். ஏறக்குறைய 63 கிலோவாட். முழு வேகத்தில் கிட்டத்தட்ட அதே அளவு வெப்பம் தண்ணீரிலும் இறங்கும் என்பது பொதுக் கணக்கு. 60 என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி ஏற 4.2 கிலோஜூல் வேண்டும். உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வருவதற்கும் 10 டிகிரி வித்தியாசம் என்றால் நிமிடத்துக்கு 86 லிட்டர் ஓட வேண்டும். ஆக 80 போதாது. லேபிளில் போடுவது தடையில்லாமல் ஓடும் அளவு. ரேடியேட்டர் வழியாகப் போகும்போது குறையும். எனவே 115. 150 வாங்கினால் அது பெருமைக்குத்தான்.

"அவ்வளவுதானே தாத்தா?" என்றான்.

"இல்லடா. இதோட ஃபியூஸ் போனா உனக்கு யாரு சொல்லுவா?" என்று கேட்டேன்.

யோசித்தான். எலெக்ட்ரிக் பம்ப் சத்தமில்லாமல் நின்றுவிடும். பெல்ட் அறாது, டைனமோ நிற்காது, சிவப்பு விளக்கு எரியாது. ஓஸ் குழாயில் வெப்பமானி வைத்தாலும் பயனில்லை. தண்ணீர் ஓடாவிட்டால் குழாய் ஆறியே இருக்கும், இன்ஜின் மட்டும் வெந்துகொண்டிருக்கும். சிலிண்டர் ஹெட்டின் உலோகத்திலேயே சென்சார் வைத்து, தனி ஒயரில் ஒரு பெரிய சிவப்பு விளக்கையும் மணியையும் இணைக்க வேண்டும். அதைச் செய்யாமல் பம்பை மாற்றாதே என்றேன்.

அப்புறம்தான் கல்யாண நாள் கதையைச் சொன்னேன். அவன் பாட்டிக்கே அது முழுதாகத் தெரியாது. நாங்கள் பேருந்தில் வந்தோம் என்று மட்டும்தான் தெரியும்.

போன வாரம் போட்டோ அனுப்பியிருந்தான். 115 பம்ப் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டியரிங்குக்கு நேர் எதிரே எலுமிச்சம்பழ அளவில் ஒரு சிவப்பு விளக்கு. "எரிஞ்சா உடனே நிறுத்திடுவேன் தாத்தா" என்று கீழே எழுதியிருந்தான்.